பேராயர் அசரியா – கடிதமும் பதிலும்

அன்புள்ள ஐயா,

பேராயர் வேதநாயகம் சாமுவேல் அசரியாவைப் பற்றி நீங்கள் பேசியதைக் கேட்டேன். அவர் பிறந்த வெள்ளாளன்விளை எங்களுக்குப் பக்கத்து ஊர்தான். ஆலயத்தில் அவர் பெயரைக் கேட்டே வளர்ந்தவன் நான். ஆனாலும் ஒரு சந்தேகம். ஆங்கிலிக்கன் சபை, அதாவது இங்கிலாந்துத் திருச்சபை, அன்றைக்கு ஆட்சியாளர்களின் சபை. தங்களிடம் பாரபட்சம் இல்லை என்று காட்டிக்கொள்ளத்தானே ஒரு தமிழரை பிஷப் ஆக்கினார்கள்? 1910இல் எடின்பரோ உலக மிஷனரி மாநாட்டில் அவர் பேசியது துணிச்சலான பேச்சு, சரி. இரண்டே வருடத்தில் பதவி வந்துவிட்டதே. அதற்குப் பிறகு அவர் என்ன செய்தார் என்று எங்கள் ஊரில்கூட யாரும் சொல்வதில்லை.

– ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

உங்கள் சந்தேகத்தில் பாதி நியாயம் உண்டு. இந்திய ஆங்கிலிக்கன் சபைக்கு அரசோடு இருந்த சட்டப் பிணைப்பு 1930இல்தான் அறுந்தது. 1912 டிசம்பர் 29 அன்று கல்கத்தா தூய பவுல் பேராலயத்தில் அசரியாவை அபிஷேகம் செய்தபோது, அந்தச் சபையின் முதல் இந்திய பிஷப் அவர்தான். சென்னை பேராயர் ஹென்றி வைட்ஹெட் விடாப்பிடியாக நின்றிருக்காவிட்டால் அதுவும் நடந்திருக்காது. ஓர் இந்தியரின் கீழே வேலை செய்ய வெள்ளை மிஷனரிகள் பலருக்கு மனமில்லை. அதனால் நிஜாம் சமஸ்தானத்தில் டோர்னக்கல் என்ற சின்னத் திருமண்டலத்தை (ஒரு பிஷப்பின் பொறுப்பில் உள்ள பகுதி) அளந்துதான் கொடுத்தார்கள். கிருஷ்ணா மாவட்டப் பக்கத்துச் சபைகளெல்லாம் பிற்பாடு சேர்ந்தவை. 1945 ஜனவரி 1 அன்று அவர் இறக்கும்வரை வேறெந்த இந்தியருக்கும் தனித் திருமண்டலம் கிடைக்கவில்லை. முப்பத்திரண்டு வருடம்! சபைக்கு அவ்வளவுதான் அவசரம்.

ஆனால் வரிசையை நீங்கள் மாற்றி வைத்துப் பார்க்கிறீர்கள். பதவி வந்ததால் அவர் டோர்னக்கல் போகவில்லை. 1902இல் யாழ்ப்பாணம் போயிருந்தபோது, அங்குள்ள தமிழ்க் கிறிஸ்தவர்கள் தங்கள் சொந்தப் பணத்தில் தொண்டிப் பக்கம் ஊழியம் நடத்துவதை அறிந்தார். நெல்லைச் சபை அவர்களைவிடப் பெரியது, அதனிடம் அப்படி எதுவும் இல்லை. அடுத்த வருடமே பாளையங்கோட்டையில் இந்திய மிஷனரி சங்கம் உருவானது. இந்தியப் பணம், இந்திய ஆட்கள், இந்திய நிர்வாகம். அந்தச் சங்கம் தேர்ந்துகொண்ட இடம்தான் டோர்னக்கல். 1909இல் ஒய்.எம்.சி.ஏ. வேலையை விட்டுவிட்டு, குருப்பட்டம் பெற்று, முப்பத்தைந்து வயதில் மனைவி அன்பு மரியம்மாளோடும் பிள்ளைகளோடும் அங்கே போய்க் குடியேறினார். தெலுங்கு கற்றார். எடின்பரோ அதற்குப் பிறகுதான்.

அந்த உரையையும் கொஞ்சம் நின்று பார்க்கவேண்டும். மிஷனரிகள் இந்திய ஊழியரோடு உட்கார்ந்து சாப்பிடுவதில்லை, வீட்டுக்கு வந்தவருக்கு நாற்காலி போடுவதில்லை என்று சொல்லிக்கொண்டே வந்தவர், கடைசியில் இப்படி முடித்தார்: 'ஏழைகளுக்கு உணவளிக்க உங்கள் பொருளைக் கொடுத்தீர்கள். சுட்டெரிக்கப்படும்படி உங்கள் சரீரங்களைக் கொடுத்தீர்கள். நாங்கள் அன்பையும் கேட்கிறோம். எங்களுக்கு நண்பர்களைத் தாருங்கள்.' ஆலயத்தில் வளர்ந்த உங்களுக்கு இது பிடிபட்டிருக்கும். கொரிந்தியருக்கு எழுதிய முதல் நிருபம், பதின்மூன்றாம் அதிகாரம். 'என் சரீரத்தைச் சுட்டெரிக்கப்படுவதற்குக் கொடுத்தாலும், அன்பு எனக்கிராவிட்டால் எனக்குப் பிரயோஜனம் ஒன்றுமில்லை.' அந்தக் கடைசிப் பகுதியை அவர் வாய்விட்டுச் சொல்லவில்லை. அரங்கில் இருந்த அத்தனை பேருக்கும் அது மனப்பாடம். அவர்கள் போதித்த வசனத்தையே அவர்கள் முன்னால் வைத்துவிட்டு உட்கார்ந்தார். பலருக்கு அது கசந்ததில் ஆச்சரியமே இல்லை.

ஆனால் என்னைப் பொறுத்தவரை அவருடைய பெரிய காரியம் அந்த உரை அல்ல. டோர்னக்கல் கிராமங்கள்தான். அவரிடம் கூட்டம் கூட்டமாக வந்தவர்கள் மாலா, மாதிகா மக்கள். ஊருக்கு வெளியே ஒதுக்கப்பட்டவர்கள், அவர்களுக்குள்ளேயும் ஒருவரையொருவர் அண்டாதவர்கள். மாட்டுவண்டியில் ஊர் ஊராகப் போய், அங்கேயே தங்கி, அவர்களை ஒரே பந்தியில், ஒரே நற்கருணைப் பாத்திரத்துக்கு முன்னால் கொண்டுவருவது எளிதாக இருக்கவில்லை. கடைசிவரை முழுதாக முடிந்த வேலையும் அல்ல. ஞானஸ்நானம் பெற்றவர்களை, அவரவர் தலையில் அவரவரே கைவைத்து, 'சுவிசேஷத்தை நான் பிரசங்கியாதிருந்தால், எனக்கு ஐயோ' என்ற பவுலின் வார்த்தையைச் சொல்லச் செய்வார் என்பார்கள். எழுதப் படிக்கத் தெரியாத பண்ணைக் கூலியாளிடம், 'இனி நீயும் போதகன்' என்று சொல்கிற செயல் அது. நினைக்கும்போதெல்லாம் எனக்கு மனம் பொங்குகிறது.

காந்தியோடு அவர் மோதியதும் இந்த மக்களின் மதமாற்றத்தைக் குறித்துத்தான். 1936இல் அமெரிக்க மிஷனரித் தலைவர் ஜான் மாட்டிடம் பேசும்போது, ஒரு பசுவுக்குச் சுவிசேஷம் சொல்வீர்களா என்று காந்தி கேட்டார். மதங்களைப் பிரித்தறியும் விஷயத்தில் தீண்டப்படாதவர்களில் சிலர் அதைவிட மேலில்லை என்றார். 'ஹரிஜன்' இதழிலேயே வந்தது. காந்தி மேல் எனக்குள்ள மரியாதை பெரிது. ஆனால் இந்த இடத்தில் அசரியாதான் சரி. அந்த மக்களுக்குச் சொந்த மனசாட்சி உண்டு, முடிவெடுக்கும் உரிமை உண்டு என்பதை அவர் விட்டுக்கொடுக்கவே இல்லை. அதே மனிதர்தான், கிறிஸ்தவர்கள் மட்டும் வாக்களிக்கும் தனித்தொகுதி வேண்டாம், திருச்சபை ஓர் அரசியல் வகுப்பாகச் சுருங்கக்கூடாது என்று அரசு கொடுத்த சலுகையை எதிர்த்தார். ஆட்சியாளர்களின் கைப்பொம்மை என்றால் அந்தச் சலுகையைக் கைநீட்டி வாங்கியிருப்பார்.

குறையே இல்லாதவர் என்று சொல்லமாட்டேன். ஆங்கிலேய ஆராதனை முறைமேல் அவருக்குப் பற்று மிக அதிகம். அப்படிப்பட்டவர் டோர்னக்கல்லில் கட்டிய பேராலயத்தில் கோவில் தூண்களும் மசூதியின் குவிமாடங்களும் சேர்ந்து நிற்கின்றன. 1939 ஜனவரி 6 அன்று பிரதிஷ்டையானது. முடிந்தால் ஒருமுறை போய்ப் பாருங்கள். காசிப்பேட்டை–விஜயவாடா ரயில் பாதையில்தான் இருக்கிறது.

உங்கள் ஊரில் யாரும் ஏன் சொல்வதில்லை என்றால், அவர் உழைத்தது முழுக்கத் தெலுங்கு மண்ணில். 1919இல் தரங்கம்பாடியில் கூடி அவர் முன்னின்று தொடங்கிய சபை ஐக்கியப் பேச்சு, 1947 செப்டம்பரில் தென்னிந்தியத் திருச்சபையாகக் கனிந்தபோது அவர் உயிரோடு இல்லை. உங்கள் ஆலயப் பெயர்ப் பலகையில் இருக்கும் 'சி.எஸ்.ஐ.' (சர்ச் ஆஃப் சவுத் இந்தியா) என்ற மூன்று எழுத்தில் அவருடைய இருபத்தைந்து வருட உழைப்பு இருக்கிறது. அடுத்த ஞாயிறு வாலிபர் கூட்டத்தில் நீங்களே இதை எடுத்துச் சொல்லலாமே.

அன்புடன்.