கால் மாத்திரை என்றால் எவ்வளவு?

கேள்வி: எங்கள் பூனைக்கு 13 வயது, நாலு கிலோ எடை. போன வாரம் திடீரென்று கதவில் போய் முட்டியது. வெயிலில் நின்றபோதும் கண்மணி விரிந்தே இருந்தது. கால்நடை மருத்துவர் பார்த்துவிட்டு, பிரஷர் 190 இருக்கிறது, தினமும் அம்லோடிபின் கால் மாத்திரை கொடுங்கள் என்றார். என் அம்மா சாப்பிடுவதும் அம்லோடிபின்தான். அதிலேயே கால் துண்டு கொடுத்தால் போதாதா? எத்தனை நாள் கொடுக்க வேண்டும்? சாப்பாட்டில் உப்பைக் குறைக்க வேண்டுமா?
- கும்பகோணம் வாசகி

பதில்: முதலில் அம்மாவின் மாத்திரை அட்டையை எடுத்துத் திருப்பிப் பாருங்கள். என்ன எண் போட்டிருக்கிறது? உங்கள் டாக்டர் கால் மாத்திரை என்றது அநேகமாக 2.5 மில்லிகிராம் மாத்திரையில் கால் பங்கை. அதாவது 0.625 மி.கி. நாலு கிலோ பூனைக்கு வழக்கமாகத் தொடங்கும் அளவு அதுதான். அம்மாவுடையது 5 மி.கி. என்றால் அதில் கால் துண்டு 1.25, இரண்டு மடங்கு ஆகிவிட்டது. 10 மி.கி. என்றால் நாலு மடங்கு. 1.25 ஒன்றும் விஷமில்லை, பிரஷர் 200-ஐத் தாண்டிய பூனைக்கு நாங்களே அதில் தொடங்குவதுண்டு. ஆனால் அது டாக்டர் யோசித்து எடுக்க வேண்டிய முடிவு, அட்டை மாறியதால் தானாக நடந்துவிடக் கூடாது. அதனால் சீட்டில் 'கால்' என்று மட்டும் இருந்தால், எத்தனை மில்லிகிராம் என்று போன் போட்டுக் கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்றையும் பாருங்கள். மாத்திரைப் பெயரின் வாலில் ஏடி (AT), ஏஎம் (AM), ஹெச் (H) என்று ஏதாவது ஒட்டிக்கொண்டிருக்கிறதா? இருந்தால் அது பெரும்பாலும் கலவை மாத்திரை. ஏடி என்றால் இதயத் துடிப்பைக் குறைக்கும் அட்டனலால் சேர்ந்தது. ஏஎம் என்றால் பெரும்பாலும் டெல்மிசார்டன் என்ற வேறொரு பிரஷர் மருந்து சேர்ந்தது. ஹெச் என்றால் சிறுநீரைக் கூட்டும் மருந்து. வயதான பூனைக்குச் சிறுநீரகம் எப்படி இருக்கிறது என்று தெரியாமல் அந்தக் கடைசி ரகத்தைக் கொடுப்பது வீண் வம்பு. டாக்டர் சீட்டைக் காட்டி, "அம்லோடிபின் 2.5, வேறு எதுவும் கலக்காதது" என்று கேட்டு வாங்குங்கள். பூனைக்கென்றே செய்த அம்லோடிபின் மாத்திரை ஐரோப்பாவில் விற்கிறது. நம் ஊரில் மனிதருடையதை வெட்டித்தான் கொடுக்கிறோம்.

வெட்டுவதும் ஒரு வேலைதான். மாத்திரை பொடிசு, கத்தியை வைத்தால் ஒரு துண்டு சமையலறை மூலைக்குப் பறக்கும், இன்னொன்று தூளாகும். மருந்துக்கடையில் பில் கட்டர் கிடைக்கும், ஒன்று வாங்கிவிடுங்கள். துண்டுகள் கொஞ்சம் முன்னே பின்னே இருந்தால் கவலை வேண்டாம். இந்த மருந்து பூனையின் உடம்பிலிருந்து மெதுவாகத்தான் கழியும் என்பதால், நேற்றைய சின்னத் துண்டையும் இன்றைய பெரிய துண்டையும் அது சரிக்கட்டிக்கொள்ளும். ஒரு வாரத்துக்கு மட்டும் வெட்டி, வெளிச்சமும் ஈரமும் படாத டப்பாவில் வையுங்கள்.

அப்புறம், அது கசக்கும். நாக்கில் பட்டால் பூனை நுரை தள்ளும். பார்த்துப் பயந்து மருந்தை நிறுத்தியவர்கள் உண்டு. முள் எடுத்த வேகவைத்த மீனில் மூன்று உருண்டை பிடியுங்கள். முதலாவது வெறும் மீன், இரண்டாவதில் மருந்து, மூன்றாவதும் வெறும் மீன். மூன்றாவதைக் காட்டிக்கொண்டே இரண்டாவதைக் கொடுத்தால் யோசிக்காமல் விழுங்கிவிடும். நேரடியாக வாயில் போட்டால், பின்னாலேயே ஊசியில்லா சிரிஞ்சில் கொஞ்சம் தண்ணீர் விடுங்கள். இல்லாவிட்டால் துண்டு தொண்டைக்குக் கீழே ஒட்டிக்கொள்ளும். தட்டுச் சோற்றில் மட்டும் கலக்காதீர்கள். என்னிடம் வந்த ஒரு வீட்டில் மூன்று வாரம் மருந்து கொடுத்தும் பிரஷர் இறங்கவேயில்லை. அளவைக் கூட்டலாமா என்று யோசித்துக்கொண்டிருந்தபோது அந்த வீட்டுப் பையன் சொன்னான்: "இது பாதி வச்சிட்டுப் போயிடும் சார், மிச்சத்தை வெள்ளைப்பூனைதான் சாப்பிடும்."

எத்தனை நாள்? அநேகமாக ஆயுசு முழுக்க. அடுத்த முறை அளக்கும்போது 140 என்று வந்தால் நோய் போய்விட்டது என்று அர்த்தமில்லை, மருந்து பிடித்து வைத்திருக்கிறது என்று அர்த்தம். ஒரு நாள் மறந்துவிட்டால் மறுநாள் வழக்கமான அளவையே கொடுங்கள், இரட்டிப்பாக வேண்டாம்.

கண்ணைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனால் எனக்கு அதுதான் உறுத்துகிறது. முட்டுவதும் விரிந்த கண்மணியும் சேர்ந்தால், அழுத்தத்தால் விழித்திரை கழன்றிருக்க வாய்ப்பு அதிகம். பிரஷர் சீக்கிரம் இறங்கினால் சில பூனைகளுக்கு அது திரும்ப ஒட்டி, கொஞ்சமாவது பார்வை வரும். நாள் கடக்கக் கடக்க அந்த வாய்ப்பு குறைகிறது. கண் பாதிக்காத பூனையை மருந்து தொடங்கி ஏழு முதல் பத்து நாளில் மறுபடி பார்த்தால் போதும். உங்களுடையதை நான் மூன்று நாளுக்குள் பார்ப்பேன். இந்நேரம் அது தாண்டியிருந்தால் நாளைக்கே கொண்டுபோங்கள். முதலில் 160-க்குக் கீழே, முடிந்தால் 140 அளவுக்குக் கொண்டுவர வேண்டும். இறங்காவிட்டால் 1.25-க்குக் கூட்டுவார், அதற்கும் அசையாவிட்டால் டெல்மிசார்டன் சேர்ப்பார். பார்வை வராவிட்டாலும் பூனை மீசையாலும் மோப்பத்தாலும் வீட்டைப் பழகிக்கொள்ளும். நாற்காலியையும் மண்தட்டையும் இடம் மாற்றாமல் இருந்தால் போதும்.

அளப்பதிலும் சூட்சுமம் இருக்கிறது. பக்கத்தில் நாய் குரைத்தாலே பூனைக்குப் பிரஷர் எகிறும். ஐந்து பத்து நிமிடம் கூடையைத் திறந்து வைத்து, அது தானாக அடங்கிய பிறகு, முன்னங்காலிலோ வால் அடியிலோ சின்னப் பட்டையைச் சுற்றி அளக்க வேண்டும். முதல் அளவை விட்டுவிட்டு அடுத்த ஐந்தாறு அளவுகளின் சராசரியை எடுப்போம். மனிதருக்கான மணிக்கட்டுக் கருவி இதற்கு உதவாது. கூட்டமில்லாத நேரமாகக் கேட்டுப் போங்கள். மேசையில் வைக்காமல் உங்கள் மடியிலேயே அளக்கச் சொல்லலாம், தப்பில்லை.

அதே நடையில் ரத்தம், சிறுநீர்ப் பரிசோதனையும் செய்துவிடுங்கள். இந்த வயதுப் பூனைக்குப் பிரஷர் தனியாக வருவது குறைவு. பெரும்பாலும் பின்னால் சிறுநீரகக் கோளாறு இருக்கும், சிலவற்றில் தைராய்டு. மூலகாரணம் தெரியாமல் மாத்திரையை மட்டும் கொடுத்துக்கொண்டிருந்தால் பாதி வைத்தியம்தான்.

உப்பு விஷயம்: உப்பைக் குறைப்பதால் மட்டும் பூனையின் பிரஷர் இறங்கும் என்று நம்பி மருந்தைத் தள்ளிப்போடாதீர்கள். கருவாடு கொடுக்கும் பழக்கம் இருந்தால் அதை நிறுத்துங்கள், சரி. ஆனால் சாப்பாட்டை ஒரே நாளில் மாற்றாதீர்கள். பிடிக்காத சோற்றை முகர்ந்துவிட்டுப் பூனை இரண்டு மூன்று நாள் பட்டினி கிடந்தால் கல்லீரல் கெடும், அது இன்னொரு தலைவலி.

மருந்து தொடங்கிய பின் அது தள்ளாடினாலோ, கூப்பிட்டும் எழாமல் சோர்ந்து கிடந்தாலோ, சாப்பிடாவிட்டாலோ அன்றைக்கே டாக்டரைக் கூப்பிடுங்கள். பிரஷர் அளவுக்கு மீறி இறங்கியிருக்கலாம். சில மாதம் கழித்து ஈறு தடித்து வந்தால் அதுவும் இந்த மருந்தின் வேலையாக இருக்கலாம், அடுத்த முறை போகும்போது காட்டுங்கள். மாத்திரை அட்டையையும் கையில் எடுத்துப் போங்கள்.