ஸ்ட்ரோக்குக்குப் பிறகு அப்பாவுக்குப் பேச்சு வரவில்லை. வீட்டில் எப்படிப் பயிற்சி கொடுப்பது?

"நாங்கள் பேசுவது புரிகிறது, அவருக்குத்தான் வார்த்தை வரவில்லை. தினமும் படம் காட்டி 'இது என்னப்பா?' என்று கேட்கிறோம், கோபப்படுகிறார்" என்று எழுதியிருக்கிறீர்கள். வலது கையும் பலவீனமாக இருக்கும் என்று வைத்துக்கொள்கிறேன். மூளையின் இடது பக்கம் பாதிக்கப்பட்டால் பெரும்பாலும் இரண்டும் சேர்ந்துதான் வரும். இப்படிச் சொல் வராமல் போவதன் பெயர் அஃபேசியா. பழுது மொழியில், நாக்கில் இல்லை. வசம்பு தேய்ப்பதோ பலூன் ஊதுவதோ சொல்லைக் கொண்டுவராது. தண்ணீர் குடிக்கும்போது புரையேறினால் மட்டும் தாமதிக்காமல் காட்டுங்கள், அது வேறு ஆபத்து.

பேச்சுப் பயிற்சி தரும் தெரபிஸ்ட் வேண்டாம், வீட்டிலேயே பார்த்துக்கொள்ளலாம் என்று நான் சொல்லவில்லை. முறையான மதிப்பீடு கட்டாயம் வேண்டும். ஆனால் தெரபிஸ்ட் வாரத்துக்கு இரண்டு மூன்று மணி நேரம் பார்ப்பார், மீதி நேரமெல்லாம் அப்பா உங்களோடுதானே இருக்கிறார்.

முதலில் 'புரிகிறது' என்பதைச் சரிபாருங்கள். பத்துக் கேள்விகள், ஐந்துக்கு ஆமா, ஐந்துக்கு இல்லை, கலந்து கேளுங்கள்: பேனாவைக் காட்டி "இது சீப்பா?", "இது பேனாவா?" எல்லாவற்றுக்கும் ஆமா என்றாலும் ஐந்து சரியாகிவிடும், அதனால் எட்டுக்குக் கீழே வந்தால் அவருடைய ஆமாவை நம்பி எந்த முடிவும் எடுக்காதீர்கள். நம் ஊர்த் தலையாட்டல் வேறு ஆமாவா இல்லையா என்று தெரியாது. ஒரு அட்டையில் ✓, இன்னொன்றில் ✗ பெரிதாக எழுதி, தொட்டுக் காட்டச் சொல்லுங்கள். கேட்கும்போது உங்கள் கண்ணும் கையும் விடையைக் காட்டிக்கொடுக்கக் கூடாது.

அடுத்தது அந்தப் படங்கள். 'இது என்ன?' என்பது பரீட்சை. பயிற்சி என்றால், சொல் வரும் அளவுக்குக் கைகொடுப்பது. சட்னி என்ற சொல் வேண்டுமா? டிவியை அணைத்துவிட்டுப் பத்து விநாடி சும்மா காத்திருங்கள். வரவில்லையா, "இட்லிக்குத் தொட்டுக்குவோம்." அப்புறம் தொட்டுச் சாப்பிடுவதுபோல் கையால் காட்டுங்கள். பிறகு "இட்லியும் தேங்காய்…" என்று பாதியில் நிறுத்துங்கள். அதற்கும் வராவிட்டால் "ச…" கடைசியாகச் சேர்ந்தே சொல்லுங்கள். வந்தவுடன் அடுத்த படத்துக்குத் தாவக் கூடாது. அரை நிமிடம் கழித்து அதையே கேளுங்கள், பிறகு ஒரு நிமிடம், இரண்டு நிமிடம் விட்டு. ஒரு வாரத்துக்கு எட்டு முதல் பத்துச் சொற்கள் போதும், அரை அரை மணி நேரமாகக் காலையும் மாலையும். சட்னிக்கு 'சாம்பார்' என்றால் திட்டாதீர்கள். பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டியிருக்கிறார், "கிட்ட வந்துட்டீங்க" என்று அங்கிருந்து கூட்டி வாருங்கள்.

'நாற்காலி' படத்துக்கு அவர் 'சேர்' என்றால் அது முழுச் சரி. வாழ்நாளெல்லாம் சேர் என்று சொன்னவருக்கு 'நாற்காலி' என்று திருத்துவதைப் பேச்சு தெரபி படிக்கும் பயிற்சி மாணவர்களிடமே பார்க்கிறோம். அச்சுத் தமிழைச் சோதிக்க அங்கே யாரும் உட்காரவில்லை.

ஆனால் பெயர்ச்சொல்லோடு நின்றுவிட்டால் 'காபி', 'டிவி' என்று ஒற்றைச் சொல்லிலேயே பேச்சு நின்றுவிடும். எனக்கு நம்பிக்கையுள்ள வழி வினைச்சொல்லில் தொடங்குவது. அமெரிக்காவில் லிசா எட்மண்ட்ஸ் குழுவினர் 2009-ல் வெளியிட்ட முறை இது. தமிழுக்கு நன்றாகவே பொருந்துகிறது. 'கட்டு' என்று பெரிதாக எழுதி நடுவில் வையுங்கள். இடப்பக்கம் யாரு, வலப்பக்கம் என்னத்தை. மேஸ்திரி – வீடு. பூக்காரம்மா – பூ. அம்மா – புடவை. அப்பா – கரண்டு பில். மூன்று நான்கு ஜோடி சேர்ந்ததும் அவர் ஒன்றைத் தேர்ந்தெடுக்கட்டும், அதற்கு மட்டும் எங்கே, எப்போ, எதுக்கு என்று கேளுங்கள். பிறகு நீங்கள் "பூ மேஸ்திரியைக் கட்டுச்சு" என்று படித்து, சரியா தப்பா என்று கேளுங்கள். கடைசியில் அட்டைகளை எடுத்துவிட்டு முதலிலிருந்து. அவருக்கே உரிய ஜோடிகள்தான் வேண்டும், விவசாயி என்றால் மாடு கட்டுவது தானாக வரும். இம்முறையைத் தமிழில் தரப்படுத்தவில்லையே என்று சக தெரபிஸ்ட்கள் கேட்கலாம். நியாயம்தான். அதுவரை நோயாளி காத்திருக்க முடியாது.

எண்ணுவது, கிழமை சொல்வது, சாமி பாட்டு இவை முழுதாக வந்தால் பேச்சு திரும்பிவிட்டது என்று எண்ணி ஏமாற வேண்டாம். மனப்பாடமாக ஓடுவது வேறு, தேடி எடுத்துச் சொல்வது வேறு. வாயைத் திறக்க வைக்கும் தொடக்கமாக மட்டும் பயன்படுத்துங்கள்.

அன்றாடப் பேச்சுக்குக் கோடு போடாத நோட்டு, தடித்த பேனா. "மருந்தா, போனா, வலியா?" என்று மூன்று சொல் எழுதிக் காட்டுங்கள், 'வேற' என்று நான்காவதையும் சேருங்கள். இல்லாவிட்டால் மூன்றில் ஒன்றைத் தொட்டே ஆகவேண்டும் என்று தவறானதைத் தொடுவார்.

கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன், இது மனதை அறுக்கிறது. பேச்சு வராதவருக்குப் புத்தியும் போய்விட்டது என்று வங்கி கவுன்ட்டரில், பென்ஷன் ஆபீசில் முடிவுகட்டி, அவர் முன்னாலேயே மகனிடம் கேட்கிறார்கள். 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் அட்டவணையில் பேச்சு, மொழிக் குறைபாடு என்ற பிரிவில் அஃபேசியாவைப் பெயர் சொல்லியே சேர்த்திருக்கிறார்கள். மனநோயோடு அல்ல, அறிவுத்திறன் குறைபாட்டோடும் அல்ல, தனியாக. பாதிப்பு நிரந்தரம் என்று மருத்துவர் சொன்னால் அந்தப் பிரிவில் சான்றிதழுக்கு விண்ணப்பியுங்கள். வங்கிக்குப் போகும்போது நோட்டையும் ✓ ✗ அட்டையையும் எடுத்துப் போய், "அவரையே கேளுங்க சார், மெதுவாக் கேளுங்க" என்று சொல்லிவிட்டு நீங்கள் ஒரு அடி பின்னால் நில்லுங்கள்.