ஹோஸ் சுருட்டும் மகனைப் பற்றி ஓர் அம்மாவுக்கு

தங்கச்சி,

மட்டக்களப்பு கல்லடியிலிருந்து நீங்கள் எழுதிய கடிதத்தை இரண்டு தரம் வாசித்தேன். மகன் உயர்தரப் பரீட்சை எழுதிவிட்டான். பெறுபேறு வரும்வரை சும்மா இருக்க மனமில்லாமல் ஒரு தொண்டர் குழுவில் சேர்ந்து, தீயணைப்பு ஆட்களிடம் பயிற்சிக்குப் போகிறான். சம்பளம் ஒரு சதமும் இல்லை. ஈரமும் சேறுமாக வீட்டுக்கு வருகிறான். இரண்டு மாதமாகியும் ஹோஸ் கழுவுவதையும் சுருட்டுவதையும் தவிர வேறு வேலை கிடைக்கவில்லை என்று அவனே குறைப்படுகிறான். ‘இது ஆபத்தா, இதில் எதிர்காலம் உண்டா, ஹோஸ் சுருட்டத்தானா இவனைப் பெற்றேன்?’ என்று கேட்டிருக்கிறீர்கள். கடைசிக் கேள்வி கோபத்தில் வந்தது என்று தெரிகிறது. அதற்கே முதலில் பதில் சொல்கிறேன்.

ஹோஸ் என்பது தோட்டத்துக்குத் தண்ணீர் விடும் குழாய் போன்றதல்ல. அழுத்தத்தோடு தண்ணீர் வரும்போது மடிப்பு இருந்த இடத்தில் அது துள்ளி நிமிரும். முனையைப் பிடித்தவன் கைவிட்டால் அந்த உலோக முனை பக்கத்தில் நிற்பவனின் விலாவை உடைக்கும். இணைப்பில் மணல் சிக்கினால் இரண்டு துண்டும் பொருந்தாது. உள்ளே இருக்கும் ரப்பர் வாஷர் விழுந்திருந்தால் தண்ணீர் அங்கேயே பீறிடும். ஈரத்தோடு சுருட்டி வைத்தால் துணி உக்கிவிடும். எப்போதும் ஒரே இடத்தில் மடித்தால் அந்த இடம்தான் ஒருநாள் வெடிக்கும். இருட்டில், கத்தலுக்கு நடுவில், ஒருவன் ஓடிக்கொண்டே விரிக்க வேண்டிய சாமான் அது. அதனால்தான் அதை முதலில் கொடுக்கிறார்கள். பொடியன் வாஷரைப் பார்த்துவிட்டுச் சுருட்டுகிறானா, பார்க்காமல் சுருட்டுகிறானா என்று மூத்தவர்கள் கவனித்துக்கொண்டுதான் இருப்பார்கள். அவர்கள் வைக்கும் சோதனை அதுதான். அப்படி ஒன்று நடப்பதாக உங்கள் மகனுக்கு யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள்.

என்னிடம் ஆலோசனைக்கு வந்த பழைய மாணவன் ஒருவன் இப்படித்தான் மூன்று மாதம் சுருட்டினான். மறுகா, கச்சான் காற்று வீசும் வெயில் காலத்தில் ஓர் இரவு, அம்பாறைப் பக்கம் ஓர் அரிசி ஆலையின் உமிக் குவியலில் தீ. இவர்கள் போனபோது மேலே சுவாலை இல்லை, கறுத்துப்போய்க் கிடந்தது. முடிந்துவிட்டது என்று நினைத்து இவன் குவியலில் ஏறக் காலை வைத்தான். பின்னால் நின்ற மூத்தவர் கொலரில் பிடித்து இழுத்து, ஒன்றும் பேசாமல் ஒரு நீளக் கம்பை அதே இடத்தில் குத்தினார். கம்பு அரைவாசி வரை இறங்கியது. வெளியே எடுத்தபோது நுனி சிவந்திருந்தது. உமி உள்ளுக்குள்ளே எரிந்து கூடாகிவிடும், மேலே மெல்லிய ஓடு மட்டும் நிற்கும். விடியும்வரை மண்வெட்டியால் பரப்பிப் பரப்பி நனைத்தார்களாம். வைக்கோல் போரும் கிடுகுக் குவியலும் குப்பைமேடும் இதே குணம்தான். இதைப் புத்தகத்தில் வாசித்திருந்தாலும் அந்த இரவில் அவன் காலை வைத்துத்தான் இருப்பான்.

‘அணைந்தது’ என்ற சொல்லைப் பற்றி இன்னொன்று. 2020 செப்டெம்பர் 3ஆம் திகதி அம்பாறைக் கரையில் சங்கமன்கண்டிக்கு அப்பால் கடலில் எரிந்த நியூ டயமண்ட் கப்பலை நம் பக்கத்தவர்கள் மறக்க மாட்டார்கள். குவைத்திலிருந்து ஏறத்தாழ 2,70,000 தொன் மசகு எண்ணெயோடு இந்தியாவுக்குப் போய்க்கொண்டிருந்த கப்பல். இயந்திர அறையில் தொடங்கிய தீயில் கப்பல் பணியாளர் ஒருவர் இறந்தார். நம் கடற்படையும் விமானப்படையும் இந்தியக் கரையோரக் காவல்படையும் சேர்ந்து போராடின. கட்டுக்குள் வந்துவிட்டது என்று சொன்ன பிறகும் அது திரும்பப் பற்றியது. அவ்வளவு ஆளும் கருவியும் இருந்த இடத்திலேயே அப்படி.

சரி, ஆபத்துக்கு வருவோம். நீங்கள் பயப்படுவது சுவாலைக்கு. ஆனால் தீயில் அகப்படும் ஆட்களைப் பெரும்பாலும் கொல்வது புகை. சுவாசக் கருவி இல்லாமல் புதியவன் யாரும் எரியும் கட்டடத்துக்குள் போகக் கூடாது. கருவி இருந்தாலும் தனியாகப் போகக் கூடாது. உங்கள் மகன் இப்போது நிற்க வேண்டிய இடம் வெளியே, வண்டிக்குப் பக்கத்தில். ‘உள்ளே விடுகிறார்களில்லை’ என்று அவன் முணுமுணுத்தால் நீங்கள் நிம்மதியாக இருங்கள், அந்தக் குழு ஒழுங்காக நடக்கிறது. முதல் வாரத்திலேயே உள்ளே அனுப்பும் குழுவாக இருந்தால் அன்றைக்கே மகனைக் கூட்டிக்கொண்டு வந்துவிடுங்கள்.

போய்க் கேட்க வேண்டியவையும் உண்டு. விபத்துக் காப்புறுதி இருக்கிறதா? களத்துக்குக் கூட்டிப்போவது யார் பொறுப்பில், எழுத்தில் இருக்கிறதா? சப்பாத்தும் கையுறையும் அவன் அளவுக்குக் கொடுக்கிறார்களா, இல்லை யாரோ கழற்றிப்போட்டதா? ஏற்பு (டெட்டனஸ்) ஊசி போட்டாயிற்றா? வெள்ளக் காலத்தில் வயல் தண்ணீரில் இறங்குவதென்றால் எலிக்காய்ச்சலுக்கு முன்கூட்டியே மருந்து எடுப்பது பற்றிச் சுகாதாரப் பரிசோதகரிடம் கேட்கச் சொல்லுங்கள். நம் ஊரில் இந்த வேலையில் பாதி, தீ அல்ல, தண்ணீர். வாவிக்கும் கடலுக்கும் நடுவில் கிடக்கிற ஊரில் நீச்சல் தெரியாமல் இதற்குப் போவது வீண். மகனுக்குத் தெரியுமா என்று நீங்கள் எழுதவில்லை.

அந்த உடுப்பை வீட்டு உடுப்போடு சேர்த்துத் துவைக்காதீர்கள். தீயணைப்பாளராக வேலை செய்வதே புற்றுநோயை உண்டாக்கக்கூடியது என்று சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகவரகம் 2022இல் உறுதியாக வகைப்படுத்திவிட்டது. தீயிலிருந்து வந்தால் வாசலிலேயே கழற்றி வேறாக ஊறப்போட வேண்டும், அவன் உடனே குளிக்க வேண்டும். இங்கே ஒரு சங்கடம் இருக்கிறது. பழையவர்கள் சிலர் முகமூடி இல்லாமல் புகையில் நிற்பதையும் கரிபிடித்த உடுப்போடு திரிவதையும் வீரம் என்று நினைப்பார்கள். அவர்கள் கையிலிருக்கும் தொழிலை மகன் படிக்கட்டும், இந்தப் பழக்கத்தைப் படிக்க வேண்டாம். எதிர்த்துப் பேசவும் வேண்டாம், தன் முகமூடியைத் தான் போட்டால் போதும்.

மூத்தவர்களிடம் படிப்பதற்கும் ஒரு நேரம் உண்டு. களத்தில் ‘ஏன்’ என்று கேட்கக் கூடாது, சொன்னதைச் செய்ய வேண்டும். திரும்பி வந்து சாமான் கழுவி முடிந்து பிளேன்டீ குடிக்கும்போது கேட்க வேண்டும். அந்த நேரத்தில் அவர்கள் கதைப்பதுதான் பாடம். எனக்கே அப்படி ஒரு பாடம் கிடைத்தது. இளவயதில் ஒரு கோயில் அன்னதானத்தில் வடைச் சட்டி எண்ணெய் தீப்பிடித்தது. நான் பெரிய வீரன் மாதிரி வாளித் தண்ணீரோடு ஓடினேன். சமையல்காரர் என்னை ஒரு தள்ளுத் தள்ளிவிட்டு, விறகை வெளியே இழுத்து, பெரிய மூடியால் சட்டியை மூடினார். தீ அடங்கிவிட்டது. சாப்பாடெல்லாம் முடிந்த பிறகுதான் போய் ஏன் என்று கேட்டேன். கொதிக்கிற எண்ணெய்க்குள் போகும் தண்ணீர் அந்தக் கணமே ஆவியாகிவிடும். ஒரு லீற்றர் தண்ணீர் ஏறத்தாழ 1,700 லீற்றர் ஆவியாகி, எரியும் எண்ணெயைக் கூரைவரை தூக்கி எறியும். அவர் இந்தக் கணக்கைச் சொல்லவில்லை, ‘எண்ணெய் பறந்து எல்லாரும் வெந்திருப்பம்’ என்றார். கணக்கைப் பிறகு நான் படித்துக்கொண்டேன்.

எதிர்காலம். ஜேர்மனியில் இருக்கும் உங்கள் தம்பி ‘இங்கே எல்லாரும் இதைச் செய்கிறார்கள், விடுங்கள் அக்கா’ என்று சொன்னாராம். அங்கே அது சரி. அந்த நாட்டில் ஏறத்தாழ 10 இலட்சம் பேர் தொண்டர்களாகத் தீயணைக்கிறார்கள், முழுநேரச் சம்பளப் படை பெரிய நகரங்களில்தான். அவர்கள் பகலில் தச்சனாகவோ ஆசிரியராகவோ வேலை செய்பவர்கள். நம்மிடம் ஊருக்கு ஊர் அப்படி ஒரு நிலையம் கிடையாது. தீயணைப்பு இங்கே மாநகர சபை போன்ற உள்ளூராட்சி மன்றங்களின் கையில் இருக்கிறது, வெற்றிடம் அடிக்கடி வராது. ஆகவே தொண்டனாகப் போனால் அங்கேயே வேலை கிடைக்கும் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம்.

ஆனால் பக்கத்துக் கதவுகள் பல உண்டு. 1990 என்ற இலக்கத்துக்கு அழைத்தால் வரும் சுவசெரிய அம்புலன்ஸ் சேவை, விமான நிலையத் தீயணைப்பு, பாசிக்குடா ஹோட்டல்கள், ஆடைத் தொழிற்சாலைகள், வளைகுடா நாடுகளின் எண்ணெய் நிறுவனங்கள். இவற்றுக்கெல்லாம் பாதுகாப்பு தெரிந்த ஆள் தேவை. அதற்குச் சான்றிதழ் வேண்டும். செஞ்சிலுவைச் சங்கத்திலோ சென் ஜோன் அம்புலன்ஸிலோ முதலுதவிச் சான்றிதழை இப்போதே எடுக்கலாம். தொழில்சார் பாதுகாப்பு, சுகாதாரத்துக்கான தேசிய நிறுவகம் என்று 2009ஆம் ஆண்டுச் சட்டத்தால் வந்த அரச நிறுவனம் ஒன்று இருக்கிறது, அதன் பயிற்சிநெறிகளையும் பார்த்து வைக்கட்டும். கனரக வாகன அனுமதிப்பத்திரம் எடுக்க வயது வந்ததும் எடுக்கச் சொல்லுங்கள். தீயணைப்பு வண்டி ஓட்டத் தெரிந்தவனுக்கு மதிப்பு வேறு. சிங்களமும் ஆங்கிலமும் கதைக்கப் பழக வேண்டும். இதை நான் எல்லாப் பிள்ளைகளுக்கும் சொல்வதுதான், ஆனால் இந்தத் தொழிலில் ஒரு கட்டளை புரியாமல் போனால் ஆளுக்கே ஆபத்து.

கெம்பஸ் கிடைத்தால் போகட்டும், தங்கச்சி. இதற்காக அதை விட வேண்டாம். கிடைக்காவிட்டாலும் இந்த மாதங்கள் வீண்போகாது.

1978 நவம்பர் சூறாவளியில் எனக்கு 14 வயது. விடிந்தபோது எங்கள் வீட்டுக்குக் கூரை இல்லை, தெருவெல்லாம் தென்னை மரம். அன்றைக்குக் கோடரி வைத்திருந்த ஒவ்வொருவரும் தொண்டர்தான், யாரும் பெயர் பதியவில்லை. மரத்தை எந்தப் பக்கம் வெட்டினால் எந்தப் பக்கம் விழும் என்று தெரிந்தவர்கள் இரண்டு மூன்று கிழவர்கள். அவர்கள் கை காட்டிய இடத்தில் நாங்கள் வெட்டினோம். உங்கள் மகனின் கதையை வாசித்தபோது அது நினைவுக்கு வந்தது, அவ்வளவுதான்.

கடைசியாக ஒரு வேலை. அவனுக்கு ஒரு கொப்பி வாங்கிக் கொடுங்கள். ஒவ்வொரு பயிற்சி நாளும் திகதி போட்டு, என்ன செய்தான், யார் காட்டிக்கொடுத்தார், எதைப் பிழையாகச் செய்தான் என்று நாலு வரி எழுதட்டும். மாதம் ஒருமுறை பொறுப்பாளரிடம் கையொப்பம் வாங்கட்டும். நேர்முகப் பரீட்சையில் ‘தொண்டனாக இருந்தேன்’ என்று வாயால் சொல்வதைவிட அதை மேசையில் வைப்பது நல்லது. பெறுபேறு வந்ததும் இரண்டு பேருமாக வாருங்கள். கொப்பியை மறக்காமல் கொண்டுவரச் சொல்லுங்கள், அந்தப் பிழைகள் எழுதிய வரிகளைத்தான் நான் முதலில் பார்ப்பேன்.