அக்கா பெயருக்கு மட்டும் இடமில்லையா?

கேள்வி: தூத்துக்குடி உப்பளத்தில் முப்பது வருடம் உப்பு வாரிய என் அம்மாவைப் பற்றி 24 நிமிட ஆவணப்படம் எடுத்திருக்கிறேன். இரண்டு வருட உழைப்பு. திருவனந்தபுரம் விழாவுக்கு அனுப்பவா, யாழ்ப்பாணத்துக்கா? அதற்குள் யூடியூபில் போட்டால் தப்பா? ஆங்கில சப்டைட்டிலை, கோவில்பட்டியில் கட்டிக்கொடுத்த டீச்சர் அக்கா போட்டுக் கொடுத்தாள். டைட்டிலில் இடம் போதாததால் அவள் பெயர் வரவில்லை. வீட்டு ஆள்தானே, கோவிச்சுக்க மாட்டாள். கேமரா கடை முதல் டீக்கடை அண்ணன் வரை 31 பேருக்கு நன்றி சொல்லியிருக்கிறேன். தேர்வாகுமா என்ற பயத்தில் தூக்கமே இல்லை.
- பெயர் வேண்டாம், தூத்துக்குடி

பதில்: தம்பி, இரண்டு விழாவுக்குமே அனுப்பலாம். நீங்கள் சொல்லும் திருவனந்தபுரம் விழா, கேரள மாநில சலச்சித்ர (திரைப்பட) அகாடமி 2008 முதல் ஆவணப்படத்துக்கும் குறும்படத்துக்கும் தனியாக நடத்துவது. டிசம்பரில் நடக்கும் அவர்களுடைய பெரிய விழாவோடு அதைக் குழப்பிக்கொள்ளாதீர்கள். யாழ்ப்பாண விழா 2015-ல் தொடங்கியது. ஆனையிறவு உப்பளத்தைப் பார்த்து வளர்ந்தவர்கள் அங்கே உங்கள் அம்மாவைப் பார்ப்பார்கள் என்பதற்காகவே அனுப்புங்கள். யூடியூப் இப்போது வேண்டாம். முதல் திரையிடல் தங்களுடையதாக இருக்க வேண்டும் என்று கேட்கும் விழாக்கள் உண்டு. பாஸ்வேர்ட் போட்ட லிங்க் அனுப்புங்கள், முடிவு வரும்வரை அதை மாற்றாதீர்கள். சென்சாருக்கும் அலைய வேண்டாம். இந்திய விழாக்களில், சென்சார் இல்லாமல் திரையிடுவதற்கான விலக்கை விழா நடத்துபவர்களே மத்திய அரசிடம் வாங்குவார்கள்.

இனி, நீங்கள் கேட்காததற்கு வருகிறேன்.

தேர்வுக் குழுவில் தமிழ் தெரியாதவர் உங்கள் அம்மாவைக் கேட்கப்போவது அக்கா எழுதிய வரிகளில்தான். "கால் வெடிப்புல உப்புத்தண்ணி ஏறுனா உயிர் போகும்" என்று அம்மா சொல்கிறார் என்று வையுங்கள். அதை இரண்டே வரிக்குள், வரிக்கு நாற்பது எழுத்தைத் தாண்டாமல், அம்மா அடுத்த பேச்சைத் தொடங்குமுன் ஆங்கிலத்தில் முடிக்க வேண்டும். அப்படி நூற்றுக்கணக்கான வரிகள். "அளம்" என்று அம்மா சொல்லும்போது அது வேலை செய்யும் இடமா, பிழைப்பா, வாழ்நாளா என்று அந்த வீட்டில் பிறந்தவளுக்குத்தான் தெரியும். பள்ளிக்கூடம் விட்டு வந்து எத்தனை ராத்திரி உட்கார்ந்து அதைச் செய்தாள்? கடிதத்தில் இல்லை. நீங்கள் அவளிடம் கேட்கவே இல்லை என்றுதான் நினைக்கிறேன்.

இப்படிப்பட்ட கடிதம் எனக்குப் புதிதில்லை. கடை வைத்தவர் எழுதுவார், புத்தகம் போட்டவர் எழுதுவார். கணக்கு எழுதிய தங்கையும் பிழை திருத்திய மனைவியும் ஓரத்தில் ஒரு வரியாக வந்துபோவார்கள், இதே "வீட்டு ஆள்தானே" என்ற சொல்லோடு. படிக்கும்போதெல்லாம் கோபம் வருகிறது. வெளியாளுக்குக் கூலியும் கொடுத்து நன்றியும் சொல்கிறோம். கூடப்பிறந்தவளிடம் இரண்டையும் மிச்சம் பிடிக்கிறோம். கோவிச்சுக்க மாட்டாள் என்பது அவள் குணம். அதை உங்கள் வசதிக்கு எடுத்துக்கொள்ள யார் உரிமை கொடுத்தது? அம்மாவின் உழைப்பை ஊர் கண்டுகொள்ளவில்லை என்றுதானே கேமராவைத் தூக்கினீர்கள்?

இன்னொன்றும் இருக்கிறது. படத்தின் எல்லா உரிமையும் என்னிடம் உள்ளது என்று விண்ணப்பத்தில் உறுதி கொடுக்கச் சொல்வார்கள். 1957-ம் வருடப் பதிப்புரிமைச் சட்டத்தின் கீழ் மொழிபெயர்ப்பும் ஒரு படைப்பு. எழுதியவருக்கு அதில் உரிமை உண்டு. அக்கா கோர்ட்டுக்குப் போகமாட்டாள்தான். அந்தத் தைரியத்தில் பொய் உறுதி கொடுப்பீர்களா?

இந்த ஞாயிற்றுக்கிழமை கோவில்பட்டிக்கு பஸ் ஏறுங்கள். முழுப் படத்தையும் அக்காவோடு உட்கார்ந்து பாருங்கள். எந்த வரி அவளுக்கு இன்னும் உறுத்துகிறது என்று கேட்டுத் திருத்துங்கள். வெளியாளுக்கு என்ன கொடுத்திருப்பீர்களோ அதைக் கையில் கொடுங்கள். வேண்டாம் என்பாள், வைத்துவிட்டு வாருங்கள். வரிகளைப் படத்தில் பயன்படுத்தச் சம்மதம் என்று ஒரு தாளில் கையெழுத்தும் வாங்கிக்கொள்ளுங்கள். அந்த 31 பேரோடு முப்பத்திரண்டாவதாக அவளைச் சேர்க்காதீர்கள். தனி டைட்டில் கார்டு, உங்கள் பெயருக்கு முந்தி. விண்ணப்பத்திலும் மொழிபெயர்ப்பு என்று அவள் பெயரை எழுதுங்கள். இனிஷியல் அப்பாவுடையதா, அத்தானுடையதா என்பதை நீங்களாக முடிவு செய்துவிடாதீர்கள். அவளையே கேளுங்கள்.