தடுப்பூசி 110 சதவீதம்: பிழை எங்கே?

கேள்வி: எங்கள் ஆரம்ப சுகாதார நிலையத்தில் ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை பென்டாவேலன்ட் (ஐந்து நோய்களைத் தடுக்கும் ஊசி) முதல் தவணை 219, இரண்டாவது 223, மூன்றாவது 228 குழந்தைகளுக்குப் போட்டதாகப் பதிவு. ஆறு மாத இலக்கு 207. மூன்றாம் தவணை 110 சதவீதம் வருகிறது. எங்கிருந்து சரிபார்ப்பது?

பதில்: கணினியை விடுங்கள், முதலில் தடுப்பூசி இருப்புப் பதிவேட்டை எடுங்கள். குப்பிக்கு 10 டோஸ். மூன்று தவணையும் சேர்ந்து 670 என்றால் குறைந்தது 67 குப்பி திறந்திருக்க வேண்டும். 61தான் செலவு என்றிருந்தால், 60 டோஸாவது ஏட்டில் மட்டுமே போடப்பட்டவை.

அப்படிக் குறைந்தால் இரட்டைப் பதிவைத் தேடுங்கள். துணை சுகாதார மையப் பதிவேட்டிலும் முகாம் பட்டியலிலும் ஒரே குழந்தை இருப்பது சகஜம். எக்செலில் அடையாள எண்களை ஒட்டுவதற்கு முன்பே அந்த நெடுவரிசையை 'டெக்ஸ்ட்' ஆக மாற்றிவிடுங்கள். மாற்றாவிட்டால் 12 இலக்க எண் 1.33E+11 என்ற மாதிரி சுருங்கித் தெரியும். அப்படியே சிஎஸ்வி கோப்பாகச் சேமித்தால் மிச்ச இலக்கங்கள் திரும்பி வராது. பிறகு, பெயரை நம்பாமல் எண்ணை வைத்து டூப்ளிகேட் பாருங்கள். 'பேபி ஆஃப் லட்சுமி' என்று நான்கு பேர் இருப்பார்கள்.

குப்பிக் கணக்கு சரியென்றால் காரணம் பெரும்பாலும் தாய்வீடுதான். பிரசவத்துக்குப் போன மருமகள் அங்கேயே 6, 10 வார ஊசிகளைப் போட்டுவிட்டு, மூன்றாம் மாதம் புகுந்த வீடு வருகிறாள். 14 வார ஊசி உங்கள் கணக்கில். முதல் தவணையைவிட மூன்றாவது கூடினால், அதாவது முதல் தவணை போட்டு மூன்றாவதுக்கு வராதவர்களைக் காட்டும் இடைநிற்றல் (219−228)÷219 = −4.1 சதவீதம் என்று மைனஸில் போனால், இதைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும். பட்டியலில் 'முதல் தவணை எங்கே' என்று ஒரு நெடுவரிசை சேர்த்தால் தெரிந்துவிடும்.

இலக்கையும் சும்மா விடாதீர்கள். 30,000 மக்கள்தொகை, ஆயிரத்துக்கு 14 பிறப்பு என்றால் ஆண்டுக்கு 420. சிசு மரணம் சுமார் 5 போக 415. அதில் பாதிதான் உங்கள் 207. அந்த 30,000 என்பது 2011 கணக்கெடுப்பை நீட்டிப் போட்டதென்றால், புது மனைப்பிரிவுகள் வந்த ஊரில் அது குறைவாகவே இருக்கும்.

மாத அறிக்கையில் போட்ட டோஸ் எண்ணிக்கையை அப்படியே அனுப்புங்கள். 100க்கு வெட்டி அனுப்புவதுதான் பெரிய பிழை. வெளியூர்க் குழந்தைகள் எத்தனை என்பதைக் குறிப்பில் தனியாகச் சொல்லுங்கள். 5,000 பேர் உள்ள துணை மையத்துக்கு மாதம் ஆறு குழந்தைதான், ஒரு குழந்தை கூடினாலே 17 சதவீதம் எகிறும். அங்கே மாதச் சதவீதம் வேண்டாம், ஏப்ரலிலிருந்து கூட்டிய கணக்கு மட்டும் போதும்.