டான்யூப் கரையில் சைக்கிள்: எந்தக் கரை நல்ல கரை?

ஜெர்மனியின் பாஸாவ் நகரிலிருந்து ஆஸ்திரியத் தலைநகர் வியன்னாவரை டான்யூப் ஆற்றை ஒட்டியே போகும் சைக்கிள் பாதை பற்றி வாசகர்கள் கேட்டவற்றுக்கு இந்த இதழில் பதில். நீளம் சுமார் 325 கிலோமீட்டர். அந்தக் காலத்தில் படகுகளைக் குதிரை கட்டி எதிர்நீரோட்டத்தில் இழுத்துப் போன கரைவழியில்தான் பாதையின் பெரும்பகுதி ஓடுகிறது.

எனக்கு 62, மனைவிக்கு 58. மகள் மியூனிக்கில் இருக்கிறாள். ஊரில் தினமும் சைக்கிள் மிதிப்போம், ஆனால் பத்து கிலோமீட்டருக்கு மேல் போனதில்லை. இந்தப் பயணம் எங்களுக்குச் சரிவருமா?
– வாசகர், கோயம்புத்தூர்

தாராளமாக. பாஸாவ் கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 300 மீட்டர் உயரம், வியன்னா அதைவிட 130 மீட்டர் சொச்சம் தாழ்வு. ஆற்றோடு கிழக்கே போனால் ஏற்றம் என்று சொல்ல அதிகமில்லை. காற்றும் பெரும்பாலும் மேற்கிலிருந்துதான் வீசும். அதனால் வியன்னாவில் தொடங்கிப் பாஸாவுக்கு வரலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள்.

ஏழு நாளாகப் பிரித்துக்கொள்ளுங்கள்: பாஸாவ், ஷ்லோகன், லின்ஸ், கிரைன், மெல்க், கிரெம்ஸ், டுல்ன், வியன்னா. லின்ஸிலிருந்து கிரைன் போகும் நாள்தான் நீளமானது, 60 கிலோமீட்டர் அளவில் வரும். மெல்க்கிலிருந்து கிரெம்ஸ் 36தான். அன்று வேடிக்கை பார்க்கவே நேரம் போதாது. மணிக்கு 14, 15 கிலோமீட்டர் வேகத்தில் 45 கிலோமீட்டருக்கு மூன்று மணி நேரம் மிதிக்க வேண்டும். காபி, சாப்பாடு, படகுக்குக் காத்திருப்பு எல்லாம் சேர்த்தால் ஆறு மணி நேரம்.

பயிற்சிக்கு ஆறு வாரம் போதும். வாரம் மூன்று நாள், பத்து கிலோமீட்டரில் தொடங்கிக் கூட்டிக்கொண்டே போங்கள். ஐந்தாவது வாரம் அடுத்தடுத்த இரண்டு நாளும் 35 கிலோமீட்டர் போய்ப் பாருங்கள். முதல் நாள் எல்லோராலும் முடியும். மறுநாள் காலை சீட்டில் உட்கார முடிகிறதா என்பதுதான் சோதனை. சர்க்கரைக்கு இன்சுலினோ மாத்திரையோ எடுப்பவர்கள் கிளம்பும் முன் மருத்துவரிடம் பேசிவிடுங்கள். நீண்ட நேரம் மிதித்தால் சர்க்கரை இறங்கும். குளுக்கோஸ் பொட்டலம் கைக்கு எட்டும் முன்பையில் இருக்கட்டும், பின்பையின் அடியில் அல்ல.

ஆற்றின் இரு கரையிலும் பாதை இருக்கிறதாமே. எதில் போவது?
– வாசகி, திருச்சி

பெரும்பாலான இடங்களில் இரண்டு பக்கமும் உண்டு. ஆனால் ஒரு கரையில் லாரி சத்தமும் எதிர்க்கரையில் குயில் சத்தமும் கேட்கும் இடங்கள் பல. வடகரை, தென்கரை என்று ஒன்றையே பிடித்துக்கொண்டு போகிறவர்கள் பாதி அழகைத் தவறவிடுகிறார்கள். கரை மாறுவது சுலபம்: பாலங்கள், சைக்கிள் ஏற்றும் சிறு படகுகள், சில நீர்மின் நிலையங்களின் அணைமேல் நடைபாதை என மூன்று வழி இருக்கிறது.

பாஸாவிலிருந்து வடகரை. முதல் 22 கிலோமீட்டர் சாலையை ஒட்டித்தான் போகும், பொறுத்துக்கொள்ளுங்கள். யோகென்ஷ்டைன் நீர்மின் நிலையத்தைத் தாண்டியதும் கார் சத்தம் அடங்கிவிடும். ஒரு பக்கம் செங்குத்தான காடு, மறுபக்கம் ஆறு. ஷ்லோகனில் ஆறு மலையில் முட்டி, வந்த திசைக்கே திரும்பிப் பாயும். வளைவுக்குச் சற்று முன்னால் ஆவ் என்ற இடத்தோடு வடகரைப் பாதை முடிந்துவிடும். அங்கே படகில் சைக்கிளை ஏற்றி ஷ்லோகனுக்குக் கடக்க வேண்டும். வளைவை முழுதாகப் பார்க்க மேலே காட்சிமுனை இருக்கிறது. சைக்கிளைக் கீழே பூட்டிவிட்டு அரை மணி நேரம் ஏற வேண்டும்.

ஷ்லோகனிலிருந்து ஆஷாக் வரை தென்கரை. லின்ஸை நெருங்கும்போது வடகரையில் பெருஞ்சாலையை ஒட்டி ஓடும் சில கிலோமீட்டர்தான் மொத்தப் பயணத்திலும் எரிச்சலான பகுதி. லின்ஸ் தாண்டினால் மாவுட்ஹவுசன் வழியாக வடகரை வெள்ளத்தடுப்புக் கரைமேல் நிம்மதியாகப் போகலாம். கிரைனை அடைந்ததும் தென்கரைக்கு மாறி இப்ஸ் வரை போங்கள். பள்ளத்தாக்கு அங்கே குறுகிவிடும். நெடுஞ்சாலை வடகரையோடு போய்விடுவதால் உங்கள் பக்கம் கார் அபூர்வம்.

மெல்க் முதல் கிரெம்ஸ் வரை வாகாவ் பள்ளத்தாக்கு. 2000இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தது. அமைதி வேண்டுமென்றால் தென்கரை. திராட்சைத் தோட்டங்களும் பழைய கிராமங்களும் வேண்டுமென்றால் வடகரை: ஷ்பிட்ஸ், வைஸன்கிர்ஷன், துர்ன்ஷ்டைன். இங்கிலாந்து அரசர் முதலாம் ரிச்சர்டை 1192இல் பிடித்துச் சிறைவைத்த கோட்டையின் இடிபாடு துர்ன்ஷ்டைனுக்கு மேலேதான். எங்கள் சிபாரிசு: ஷ்பிட்ஸ் வரை தென்கரை, அங்கே படகில் கடந்து வடகரை. அந்தப் படகுக்கு எஞ்சின் இல்லை. ஆற்றின் குறுக்கே கட்டிய கம்பியில் தொங்கிக்கொண்டு நீரோட்டத்தின் தள்ளலிலேயே கடக்கும். அதற்காகவே ஏறலாம்.

கிரெம்ஸுக்குப் பின் ஆல்டன்வோர்த் அணைமேல் தென்கரைக்கு வாருங்கள். வழியில் ஸ்வென்டன்டோர்ஃப் அணுமின் நிலையம் தெரியும். முழுதாகக் கட்டி முடித்து, 1978 வாக்கெடுப்பில் மக்கள் வேண்டாம் என்றதால் ஒரு நாள்கூட ஓடாத நிலையம்.

தொலைவுக்கு ஒரு குறிப்பு. கரையில் நிற்கும் கிலோமீட்டர் பலகைகள் ஆறு கருங்கடலில் கலக்கும் முகத்துவாரத்திலிருந்து எண்ணப்பட்டவை. பாஸாவில் 2225, லின்ஸில் 2135, வியன்னாவில் 1929 என்று குறைந்துகொண்டே வரும். கழித்தால் ஆற்றின் நீளம் கிடைக்கும், பாதை அதைவிடச் சற்றுக் கூடுதல்.

சைக்கிளை இங்கிருந்து கொண்டு போகலாமா, அங்கே வாடகைக்கு எடுக்கலாமா?
– வாசகர், மதுரை

வாடகை. பாஸாவில் எடுத்து வியன்னாவில் விட்டுவிடும் வசதி உண்டு. மின்சைக்கிள் என்றால் பேச்சே இல்லை: பயணிகள் விமானத்தில் 160 வாட்-அவருக்கு மேற்பட்ட பேட்டரிக்கு அனுமதி கிடையாது, மின்சைக்கிள் பேட்டரியோ பெரும்பாலும் 400க்கு மேல்.

எடுக்கும்போது மூன்று விஷயம் பாருங்கள். முதலாவது பிரேக். ஜெர்மன் வாடகை சைக்கிள்கள் பலவற்றில் பெடலைப் பின்னோக்கி மிதித்தால் பின்சக்கரம் பிடிக்கும். சும்மா பெடலைப் பின்னுக்குச் சுற்றும் பழக்கம் நம்மில் பலருக்கு உண்டு; அங்கே சுற்றினால் சடக்கென்று நின்றுவிடும். கடை வாசலிலேயே பத்து நிமிடம் ஓட்டிப் பழகுங்கள். பழக்கமே வராதென்றால் கைபிரேக் மட்டும் உள்ள சைக்கிளைக் கேளுங்கள்.

இரண்டாவது சீட் உயரம். குதிகாலைப் பெடலில் வைத்து, பெடல் கீழே வரும்போது கால் நேராக நீள வேண்டும். அப்புறம் முன்பாதத்தால் மிதித்தால் முழங்கால் லேசாக மடங்கியிருக்கும், அதுதான் சரி. உட்கார்ந்தபடி இரு பாதமும் தரையில் பதிய வேண்டுமென்று சீட்டைத் தாழ்த்தினால் மூன்றாம் நாள் முழங்கால் முன்பக்கம் வலிக்கும்.

மூன்றாவது வால்வு. நம்மூர் சைக்கிளில் இருக்கும், நட்டைக் கழற்றினால் உள்ளிருப்பது கையோடு வரும் வகையை ஒத்த வால்வு அங்கேயும் உண்டு. கார் டயர் போன்றதும், பென்சில் முனைபோல் மெலிந்ததும் உண்டு. உங்கள் பம்பு அதற்குப் பொருந்துகிறதா என்று அங்கேயே ஒரு முறை அடித்துப் பாருங்கள்.

வழியில் பஞ்சர் ஆனால்? கியர் இருக்கும் பின்சக்கரத்தைக் கழற்றத் தெரியாது.
– அதே வாசகர்

கழற்றவே வேண்டாம். நம்மூர் பஞ்சர் கடைக்காரர் செய்வதையே செய்யுங்கள். சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, முதலில் டயரின் வெளிப்பக்கத்தில் கண்ணாடி, முள் தேடுங்கள். இரண்டு டயர் லிவரால் ஒரு பக்க விளிம்பை மட்டும் நெம்பி டியூபை வெளியே இழுங்கள். காற்றடித்துக் கன்னத்தருகே கொண்டு போனால் ஓட்டை தெரியும். உப்புத்தாள் தேய்த்து, சொல்யூஷன் தடவி, அது காய்ந்து மினுமினுப்பு போகும்வரை பொறுத்துப் பட்டையை ஒட்டி அழுத்துங்கள். ஈரத்தோடு ஒட்டினால் அரை மணியில் திரும்பவும் இறங்கிவிடும். ஒட்டு முடிந்ததும் டயரின் உட்பக்கத்தை விரலால் மெதுவாகத் தடவிப் பாருங்கள். குத்திய பொருள் அங்கேயே இருந்தால் பத்தாவது மீட்டரில் மறுபடியும் பஞ்சர்.

பக்கத்துப் பக்கத்தில் இரட்டை ஓட்டை இருந்தால் முள் காரணமல்ல. காற்று குறைந்த டயர் நடைமேடை விளிம்பில் இடித்து டியூப் நசுங்கியிருக்கிறது. டயர் பக்கவாட்டில் அச்சிட்ட அளவுக்குள், மூட்டையோடு போகும்போது பின்சக்கரத்துக்குச் சற்றுக் கூடுதலாக அடியுங்கள்.

காட்டுவழி என்கிறீர்களே, மிருகங்கள் உண்டா?
– வாசகி, சேலம்

மான், காட்டுப்பன்றி உண்டு, உங்களைக் கண்டதும் ஓடிவிடும். பயப்பட வேண்டியது எள்ளளவு உண்ணிக்குத்தான். டான்யூப் கரைப் புல்லில் மூளைக்காய்ச்சல், லைம் நோய் இரண்டையும் பரப்பும் உண்ணிகள் உண்டு. முதலாவதற்குத் தடுப்பூசி இருக்கிறது. பல தவணைகள், நடுவில் இடைவெளி வேண்டும் என்பதால் மாதங்களுக்கு முன்பே மருத்துவரிடம் கேளுங்கள். இரண்டாவதற்கு ஊசியை நம்ப முடியாது. புல்லில் உட்கார்ந்த நாளில் இரவு முழங்கால் மடிப்பு, இடுப்பு, அக்குள் பாருங்கள். கடித்திருந்தால் நுனி கூரான இடுக்கியால் தோலை ஒட்டிப் பிடித்து நேராக இழுங்கள். எண்ணெய், நெருப்பு வைத்தியம் வேண்டாம்.

நாங்கள் சைவம். பட்டினிதானா?
– வாசகர், யாழ்ப்பாணம்

இல்லை. சீஸ் சேர்த்த மாவு நூடுல்ஸ், உருளைக்கிழங்கு, வாகாவில் ஆப்ரிகாட் வைத்த உருண்டை எல்லாம் கிடைக்கும். சூப்பில் மட்டும் கவனம்: காய்கறி சூப்பும் மாட்டெலும்புச் சாற்றில் கொதித்திருக்கலாம், கேட்டுவிட்டுச் சாப்பிடுங்கள். ஞாயிற்றுக்கிழமை பெரும்பாலான கடைகள் மூடியிருக்கும், சனிக்கிழமையே ரொட்டி, பழம் வாங்கிவிடுங்கள். தண்ணீர் காசு கொடுத்து வாங்க வேண்டியதில்லை, குழாய்த் தண்ணீரே குடிக்கலாம். கிராமத்தில் குழாய் தேடுபவர்கள் கல்லறைத் தோட்டத்தைப் பாருங்கள், செடிக்கு ஊற்ற ஒன்று இருக்கும். ‘கைன் ட்ரிங்க்வாஸர்’ என்று எழுதியிருந்தால் குடிக்கக் கூடாது.

எந்த மாதம்? வெள்ளம் வருமாமே?
– வாசகி, சென்னை

மே முதல் செப்டம்பர் வரை. சிறு படகுகள் குளிர்காலத்தில் ஓடாது, வசந்தத்தின் தொடக்கத்திலும் இலையுதிர்காலக் கடைசியிலும் நேரம் குறையும். வெள்ளம் வரும்: 2013 ஜூனில் பாஸாவில் நீர்மட்டம் 12.89 மீட்டரைத் தொட்டது, 2024 செப்டம்பரில் கீழ் ஆஸ்திரியா மாநிலம் முழுக்கத் தத்தளித்தது. சாதாரண மழைக்கே முதலில் மூழ்குவது பாலங்களுக்கு அடியில் போகும் தாழ்வான பகுதிதான். தடுப்பு வைத்திருந்தால் சுற்றிப் போங்கள். தண்ணீர் வடிந்த பின்னும் சில நாள் வண்டல் படிந்து வழுக்கும்.

ரயிலில் சைக்கிளை ஏற்றலாமா?
– வாசகர், மியூனிக்

ஏற்றலாம். மியூனிக்கிலிருந்து பாஸாவ் வரும் வட்டார ரயிலில் முன்பதிவு வேண்டாம், ஆனால் இடம் குறைவு; சனி, ஞாயிறு காலையைத் தவிருங்கள். மாதாந்திர ஜெர்மனி டிக்கெட்டில் சைக்கிள் அடங்காது, தனியாகச் சீட்டு வாங்க வேண்டும். விரைவு ரயிலென்றால் சைக்கிளுக்கு முன்பதிவு கட்டாயம், கோடையில் அது சீக்கிரம் தீர்ந்துவிடும். பெட்டியில் சைக்கிள் படம் போட்ட கதவில் ஏறுங்கள், பைகளைக் கழற்றிய பிறகு.