நடக்கிறாரே, இன்னும் எதற்கு நிற்கும் பயிற்சி?

பக்கவாதத்துக்குப் பிந்தைய சமநிலைப் பயிற்சி: வாசகர் கேள்விகளுக்கு ஒரு பிசியோதெரபிஸ்ட்டின் பதில்கள்

கேள்வி: என் கணவருக்கு வயது 61. நாலு மாதத்துக்கு முன் பக்கவாதம் வந்து இடது கை, கால் பலவீனமாகிவிட்டது. இப்போது கைத்தடியோடு வீட்டுக்குள் நடக்கிறார். ஆனால் திரும்பும்போது தள்ளாடுகிறார். இரண்டு முறை விழுந்தும்விட்டார். பிசியோதெரபிஸ்ட்டோ அவரை நிற்க வைப்பதும், உட்கார்த்தி எழுப்புவதும், எதையாவது எட்டி எடுக்கச் சொல்வதுமாகவே இருக்கிறார். அதற்குப் பதில் கூடுதலாக நடக்க வைத்தால் சீக்கிரம் சரியாகாதா? பயத்தில் நான் அவருடைய இடது கையைப் பிடித்தபடியேதான் கூட நடக்கிறேன்.

பதில்: சகோதரி, அவர் எப்போது தள்ளாடுகிறார் என்பதை நீங்களே எழுதிவிட்டீர்கள்: திரும்பும்போது. நேராக எவ்வளவு நடந்தாலும் நேராக நடப்பதுதான் தேறும். திரும்பும்போது வரும் தள்ளாட்டம் அப்படியே இருக்கும்.

பக்கவாதம் வந்தவர்களில் பெரும்பாலானோர் தங்களை அறியாமலே உடல் பாரத்தை நல்ல காலுக்கு மாற்றிவிடுகிறார்கள். பார்ப்பதற்கு நேராக நிற்பதுபோலத்தான் இருக்கும். என்னிடம் வருபவர்களை, இரண்டு எடை மெஷின்களை அருகருகே போட்டு, ஒன்றில் ஒரு கால் வைத்து நிற்கச் சொல்வேன். 70 கிலோ உள்ளவர், “ரெண்டு கால்லயும் சமமாத்தான் நிக்கிறேன்” என்று உறுதியாகச் சொல்வார். மெஷின் நல்ல காலில் 48, பலவீனமான காலில் 22 என்று காட்டும். கூட வந்தவர் எண்ணைப் படித்துச் சொன்னாலும் அவரால் நம்ப முடியாது.

திரும்பும்போது உடம்பு ஒரு பக்கம் சுழல, பலவீனமான கால் மொத்தப் பாரத்தையும் ஒரு கணம் தனியாகத் தாங்கியாக வேண்டும். பாரம் தாங்கிப் பழகாத கால் அங்கே கைவிட்டுவிடும். அதனால்தான் பலர் பலவீனமான பக்கமாகவே விழுகிறார்கள். பாரம் ஏறாத எலும்பு மெலிந்தும் போவதால், அந்தப் பக்கம் விழுந்தால் இடுப்பு எலும்பு முறியும் ஆபத்தும் கூடுதல். அந்தக் காலுக்குப் பாரத்தைத் தாங்கப் பழக்குகிற வேலையைத்தான் உங்கள் பிசியோதெரபிஸ்ட் செய்துகொண்டிருக்கிறார். அவரைத் தடுத்துவிடாதீர்கள்.

சமநிலையை அளக்க நாங்கள் பயன்படுத்தும் பெர்க் அளவுகோலில் 14 செயல்கள் உண்டு. உட்கார்ந்து எழுவது, கண்ணை மூடி நிற்பது, தரையில் கிடப்பதை எடுப்பது, முழுவட்டம் திரும்புவது, ஒற்றைக் காலில் நிற்பது என்று போகும் அந்தப் பட்டியலில் நடை என்று ஒன்றுகூடக் கிடையாது. ஒவ்வொன்றுக்கும் அதிகபட்சம் 4, மொத்தம் 56. 45-க்குக் கீழே இருந்தால் விழும் வாய்ப்பு அதிகம் என்று வெகுகாலமாகவே எடுத்துக்கொள்கிறோம். உங்கள் கணவரின் மதிப்பெண் என்ன, எந்தச் செயலில் குறைகிறது என்று அடுத்த முறை தயங்காமல் கேளுங்கள்.

வீட்டில் செய்ய நான் முதலில் சொல்வது, உட்கார்ந்து எழுவது. சுவரோடு ஒட்டிய, நகராத நாற்காலி வேண்டும். பாதங்கள் முழங்காலுக்குச் சற்றுப் பின்னால் இருக்கட்டும். மூக்கு கால்விரல்களுக்கு நேர் மேலே வரும்வரை முன்னால் சாய்ந்து, அப்புறம் எழச் சொல்லுங்கள். பலர் சாயாமல், நல்ல கையால் எதையாவது பிடித்து இழுத்துக்கொண்டு எழுவார்கள். அதில் பலவீனமான காலுக்கு வேலையே இல்லை. இது நன்றாக வந்தபின் நல்ல காலை மட்டும் கொஞ்சம் முன்னால் தள்ளி வையுங்கள். எழுவதற்கு இடது கால் உழைத்தே தீர வேண்டும். உட்காரும்போது தொப்பென்று விழக் கூடாது. மெதுவாக இறங்குவதில்தான் கால் அதிகம் கற்றுக்கொள்கிறது. எழ முடியாமல் திணறினால் இருக்கையை உயர்த்துங்கள்.

திரும்பும்போது நின்ற இடத்திலேயே காலை ஊன்றிச் சுழல வேண்டாம். அரைவட்டமாக, சின்னச் சின்ன அடிகளாக வரட்டும்.

சரி, உங்கள் கைக்கு வருகிறேன். அவருடைய இடது கையைப் பிடிப்பதை இன்றே விட்டுவிடுங்கள். தோள்பட்டைத் தசை தளர்ந்திருக்கும்போது கையை இழுத்தால் மூட்டு நழுவலாம், வலி மாதக்கணக்கில் நீடிக்கும். கைத்தடி வலது கையில் இருக்கட்டும். நீங்கள் அவருக்கு இடப்பக்கம், அரை அடி பின்னால் நில்லுங்கள். இடுப்பில் அகலமான பெல்ட் ஒன்றைக் கட்டி, அதில் உங்கள் கை இருந்தால் போதும். எப்போதும் தாங்கிப் பிடிக்காதீர்கள். தடுமாறினால் பிடிக்கத் தயாராக இருங்கள். கொஞ்சம் ஆடி, தானே நிமிரும் அந்த நொடியில்தான் மூளை கற்றுக்கொள்கிறது. உங்கள் பயம் எனக்குப் புரிகிறது. ஆனால் முழுப் பாரத்தையும் நீங்களே தாங்கினால் அவர் கற்க எதுவும் மிஞ்சாது.

இன்னொன்று. நடக்கும்போது ஏதாவது கேட்டுப் பாருங்கள். பதில் சொல்ல நின்றுவிடுகிறார் என்றால் கவனம் முழுவதும் நடையிலேயே செலவாகிறது என்று அர்த்தம். அதற்கும் பயிற்சி உண்டு, ஆனால் பிறகு பார்க்கலாம். இப்போதைக்கு அவர் திரும்பும்போது பேச்சுக் கொடுக்காதீர்கள்.

கேள்வி: அப்பாவுக்கு பக்கவாதம் வந்து மூன்று வாரம். கட்டில் ஓரத்தில் உட்கார வைத்தால் நல்ல கையாலேயே மெத்தையைத் தள்ளி, பலவீனமான பக்கமாகச் சாய்கிறார். நாங்கள் நேராக்கினால் இன்னும் பலமாகத் தள்ளுகிறார். பிடிவாதமா, பயமா என்று தெரியவில்லை.

பதில்: பிடிவாதம் இல்லை தம்பி. தயவுசெய்து அவரைத் திட்டாதீர்கள். எது நேர் என்று உடம்பு உணரும் இடத்தில் மூளை அடிவாங்கியிருக்கிறது. இப்படிப்பட்டவர்களைச் சோதித்தபோது, உடம்பு சுமார் 18 டிகிரி சாய்ந்திருக்கும்போதுதான் நேராக இருப்பதாக அவர்கள் உணர்ந்தார்கள். நீங்கள் நிஜமாகவே நேராக்கும்போது, கீழே தள்ளுவதுபோல் அவருக்கு இருக்கும். யாராக இருந்தாலும் எதிர்த்துத் தள்ளத்தான் செய்வார்கள்.

நல்ல செய்தி என்னவென்றால், கண்ணால் பார்க்கும் நேர்கோடு இவர்களுக்குக் கெடுவதில்லை. எதிரே கதவுச் சட்டம் தெரியும்படி உட்கார வைத்து, “அந்தச் சட்டம் நேரா இருக்கா? நீங்க அதுமாதிரி இருக்கீங்களா?” என்று கேளுங்கள். தாமே கண்டுபிடித்து நிமிர வேண்டும். இழுப்பதற்குப் பதில், நல்ல பக்கத்தில் ஒரு பொருளை வைத்து எட்டித் தொடச் சொல்லுங்கள். தள்ளும் கைக்கு வேறு வேலை கிடைக்கும், உடம்பும் தானாக அந்தப் பக்கம் வரும். பலவீனமான பக்கத்தில் ஒருவர் கட்டாயம் இருக்கட்டும். இது பெரும்பாலும் சில மாதங்களில் குறைந்துவிடும்.

கேள்வி: எனக்கு வந்து ஒன்றரை வருடம் ஆகிறது. பகலில் நன்றாக நடக்கிறேன். இருட்டிலும், முகத்தில் சோப்பு போட்டுக் கண்ணை மூடும்போதும் சாய்கிறேன். இனி பயிற்சி செய்து பயன் உண்டா?

பதில்: உண்டு. வருடம் தாண்டியவர்களும் சமநிலையில் முன்னேறுவதை நாங்கள் பார்க்கிறோம். கண், உட்காது, பாதமும் மூட்டுகளும் தரும் உணர்வு ஆகிய மூன்றையும் வைத்துத்தான் நிற்கிறோம். பாத உணர்வு மங்கியதால் நீங்கள் கண்ணையே நம்புகிறீர்கள் என்று நினைக்கிறேன். சுவர் மூலையில் முதுகு காட்டி, முன்னால் நாற்காலியை வைத்து, ஒருவர் துணையோடு, சில நொடிகள் கண்ணை மூடி நின்று பழகுங்கள். அதற்கு முன் பிசியோதெரபிஸ்ட்டிடம் ஒரு முறை பாத உணர்வைச் சோதித்துக்கொள்ளுங்கள். அதுவரை உட்கார்ந்தே முகம் கழுவுங்கள். கழிவறை போகும் வழியில் இரவு விளக்கு எரியட்டும். சாய்வது திடீரென்று அதிகமானாலோ, பேச்சு குழறினாலோ பயிற்சியெல்லாம் அப்புறம். உடனே ஆஸ்பத்திரிக்குப் போய்விடுங்கள்.